விறாந்தை வாங்கில் இருப்பவர்

திருச்சபைக் கூட்டங்களுக்குப் புதிதாகச் செயலாளர்களாகத் தெரிவாகியிருக்கும் உங்களுக்கு என் அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். ஓய்வு பெற்ற மனிதனிடம் அனுபவத்தைக் கேட்பது ஆபத்தான காரியம். அவனிடம் மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான். நேரமும் நிறைய இருக்கும்.

நடைமுறைகளைப் பற்றி எழுதப்போவதில்லை. அவை கைநூலில் இருக்கின்றன. கைநூலைப் பேரவையில் யாரும் வாசித்திருக்க மாட்டார்கள். நீங்கள் வாசித்திருக்கிறீர்கள் என்பது தெரிந்தால் எல்லோரும் உங்களுக்குக் கொஞ்சம் பயப்படுவார்கள். அந்தப் பயத்தை மரியாதை என்று எடுத்துக்கொண்டு நான் பல வருடங்கள் சந்தோஷமாக இருந்தேன். அரசாங்கக் கச்சேரியில் உத்தியோகம் பார்த்த காலத்தில்கூட எனக்கு அவ்வளவு மரியாதை கிடைத்ததில்லை.

நான் எழுத நினைப்பது ஒரு கேள்வியையும் ஒரு வாங்கையும் ஒரு கைமணியையும் பற்றி.

வருடத்துக்கு ஒருமுறை மாவட்டத்துச் சபைகள் எல்லாம் கூடும் பேரவை, துறைமுகத்தைப் பார்த்தபடி மேட்டில் இருக்கும் பழைய மண்டபத்தில் நடக்கும். முதல் அலுவல், போதகர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக அழைப்பது. பெயர் அழைக்கப்பட்டவர் எழுந்து வெளியே போய் விறாந்தையில் கிடக்கும் நீண்ட மர வாங்கில் உட்கார்ந்திருப்பார். கதவு சாத்தப்படும். தலைவர் கேட்பார்: "இவரைப் பற்றிச் சொல்ல வேண்டியது ஏதும் உண்டா?" யாரும் வாய் திறக்காவிட்டால் செயலாளர் "ஒன்றுமில்லை" என்று எழுதிக்கொண்டு கைமணியை அடிப்பார். வெளியே போனவர் உள்ளே வந்து தன் இடத்தில் இருப்பார். பிறகு அடுத்த பெயர்.

ஒரு மனிதனின் வருடம் முழுவதையும் எடைபோட இதைவிட மலிவான முறை உலகத்தில் இருக்காது. அவனைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் இருப்பதுதான் நாங்கள் அவனுக்குக் கொடுக்கும் நற்சான்று. வெளியே இருப்பவருக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது. எதிரே துறைமுகத்தில் நங்கூரமிட்ட கப்பல்கள் தெரியும். வளவுக்குள் வந்து படுத்திருக்கும் நகரத்து மான்கள் தெரியும். கதவு தெரியும்.

எனக்கு முன் செயலாளராக இருந்தவர் காலத்தில் ஒரு சம்பவம் நடந்தது. ஓர் இளம் போதகர் வெளியே போனார். அவரைப் பற்றி யாருக்கும் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த நேரம் பார்த்து மத்தியானச் சாப்பாட்டுக்கு மீனா கோழியா என்று யாரோ எழுந்து கேட்டுவிட்டார். எங்கள் பேரவையில் வேதத்தைப் பற்றிய தகராறுகள் சீக்கிரம் முடியும், சாப்பாட்டைப் பற்றியவை முடியாது. மீன் கட்சியும் கோழிக் கட்சியும் மோதி முடிவதற்குள் மணியை எல்லோரும் மறந்துவிட்டார்கள். சாப்பாட்டுக்கு வெளியே வந்தபோதுதான் வாங்கில் அந்தப் போதகர் வெளிறிப்போய் இருந்ததைக் கண்டார்கள். உள்ளே கேட்ட கூச்சல் முழுவதும் தன்னைப் பற்றியது என்று நினைத்திருக்கிறார். போதக ஊழியத்தை விட்டுவிட்டு மாமாவின் கடையில் சேருவது என்று முடிவே எடுத்துவிட்டிருந்தார்.

பொறுப்பை என்னிடம் தந்தபோது அந்தப் பழைய செயலாளர் அலுமாரித் திறப்பையோ கோப்புகளையோ பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மணியை என் கையில் வைத்தார்.

"இதை நீர் அடிச்சாத்தான் ஆள் உள்ளுக்க வரும். வெளியில ஓராள் இருக்கிறதை மட்டும் மறந்துபோகாதையும்."

நான் மறந்ததில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

இனி ரஞ்சினியைப் பற்றி எழுத வேண்டும்.

ரஞ்சினி இந்த நகரத்துப் பிள்ளை. எங்கள் துறைமுகச் சபையில் ஞானஸ்நானம் பெற்று, அங்கேயே ஞாயிறு பாடசாலையில் தம்பையா மாஸ்டரிடம் படித்து, இறையியல் கல்லூரிக்குப் போய், தகுதிகாண் போதகராகத் திரும்பி வந்தவர். அப்போது அவரை வெருகல் பக்கத்துச் சிறிய சபைகளுக்கு அனுப்பியிருந்தோம். தகுதிகாண் போதகர் பிரசங்கிக்கலாம், அடக்கம் செய்யலாம், நோயாளிகளைப் பார்க்கலாம், ஆற்று வெள்ளத்தில் சனங்களோடு சேர்ந்து அரிசி மூட்டை சுமக்கலாம். திருவிருந்து மேசையில் அப்பத்தை எடுத்து ஆசீர்வதிக்க மட்டும் கூடாது. அதற்கு அபிஷேகம் பெற்ற போதகர் ஒருவர் நகரத்திலிருந்து வர வேண்டும்.

ஒருமுறை மேற்பார்வைக்காக நான் அங்கே போயிருந்தேன். ரஞ்சினி வெள்ளைத் துணி விரித்து, அப்பத்தையும் கிண்ணத்தையும் மேசையில் வைத்து, மேலே ஒரு மெல்லிய துணியால் மூடியிருந்தார். சனங்கள் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். ஒரு பாட்டு முடிந்ததும் இன்னொன்று. நகரத்திலிருந்து வர வேண்டிய போதகரின் வாகனம் வரவில்லை. பாதையில் தண்ணீர் ஏறியிருந்தது என்று பிறகு தெரிந்தது. முன் வரிசையில் இருந்த ஒரு வயதான பெண் ரஞ்சினியைப் பார்த்து, "போதகரம்மா, நீங்களே தாங்கோவன். ஆர் பாக்கப்போகினம்?" என்றாள்.

"செயலாளர் ஐயா பாத்துக்கொண்டிருக்கிறார், அக்கா," என்றார் ரஞ்சினி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு அவர் துணியை மடித்தார். முதலில் நீளமாக, பிறகு குறுக்காக, சுருக்கம் விழாதபடி தடவித் தடவி மடித்தார். பசியோடு இருக்கும் ஒருவர் சாப்பாட்டு மேசையை ஒதுக்குவதைப் பார்ப்பது போல இருந்தது. நான் எழுந்து வெளியே போய் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நகரத்துக்குள் லிங்கநகரில் ரஞ்சினிக்கு ஒரு வீடு இருந்தது. அந்த வீட்டில் செல்வி இருந்தார். செல்வி மருத்துவிச்சி. நகரத்தில் பாதிப் பிள்ளைகள் அவர் கையில்தான் பிறந்தன என்று சொல்வார்கள். இருவரும் பல வருடங்களாகச் சேர்ந்து வாழ்கிறார்கள். அயலவர்கள் "சிநேகிதியள்" என்று சொன்னார்கள். சபையார் ஒன்றும் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரியும், யாரும் சொன்னதில்லை. ஒவ்வொரு வருடமும் ரஞ்சினியின் பெயர் அழைக்கப்பட்டது, அவர் வெளியே போனார், கதவு சாத்தப்பட்டது, உள்ளே எல்லோரும் தங்கள் கால் விரல்களை ஆராய்ந்தார்கள், நான் மணியை அடித்தேன்.

அந்த ஏற்பாடு எவ்வளவு காலமும் ஓடியிருக்கும். ஆனால் தலைமையகத்திலிருந்து எல்லா மாவட்டங்களுக்கும் ஒரு கேள்வி வந்தது. தன் பாலினத்தவரோடு வாழும் ஒருவர் போதகராக இருக்கலாமா, அபிஷேகம் பெறலாமா, உங்கள் கருத்து என்ன? வெளிநாட்டுச் சபைகள் இதில் உடைந்துகொண்டிருந்தன. எங்கள் தலைவர்கள் உடைவதற்கு முன் கருத்துக் கேட்கும் வழக்கமுள்ளவர்கள்.

நிகழ்ச்சி நிரலில் அதற்கு என்ன தலைப்புப் போடுவது என்று தலைவர் என்னைக் கேட்டார். உள்ளதைப் போடலாம் என்றேன். அவர் யோசித்துவிட்டு, "'அந்த விடயம்' எண்டு போடுங்கோ. எல்லாருக்கும் விளங்கும்," என்றார். அப்படித்தான் பதிவேட்டில் இருக்கிறது. பின்னாளில் எவராவது வாசித்துத் தலையைச் சொறியட்டும்.

பேரவைக்கு முதல் நாள் பின்னேரம் ரஞ்சினி என் வீட்டுக்கு வந்தார். அந்த வருடம் அவருடைய தகுதிகாண் காலம் முடிகிறது. மறுநாள் காலையில் அவர் பெயர் அழைக்கப்படும். ஒன்றுமில்லை என்றால் பின்னேரமே துறைமுகச் சபையில் அபிஷேகம். அடுத்த நியமனமும் அங்கேதான் என்று பேச்சு. தான் ஞானஸ்நானம் பெற்ற சபையின் மேசையில் ஒருநாள் அப்பத்தைக் கையில் எடுக்க வேண்டும் என்பதுதான் சிறு வயதிலிருந்து அவருடைய ஆசை. அதை அவர் மறைத்ததே இல்லை.

என் மனைவி பிளேன்ரீ கொண்டுவந்து வைத்தாள். ரஞ்சினி குடிக்கவில்லை.

"ஐயா, நாளைக்கு என்ர பேரைக் கூப்பிடேக்க நான் வெளியில போகவேணும் எண்டு கைநூலில இருக்குதோ?"

நான் கைநூலைத் திறக்கவில்லை. தேவையில்லை. "இல்லை. அது வழக்கம். எழுதின விதி இல்லை."

"அப்ப நான் உள்ளுக்க இருக்கலாம்."

"இருக்கலாம். ஆனா ஏன்?"

அவர் யன்னலால் வெளியே பார்த்தார்.

"அந்த வாங்கில இருந்து பாத்திருக்கிறீங்களோ ஐயா? என்ர பேருக்குக் கதவைச் சாத்தினாப் பிறகு ஒரு சத்தமும் வராது. நான் கப்பலைப் பாப்பன், மானைப் பாப்பன். உள்ளுக்க ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்ல எண்டு நீங்கள் மணி அடிப்பீங்கள். நான் வந்து இருப்பன். ஒருத்தரும் என்ர முகத்தைப் பாக்க மாட்டினம். ஒண்டும் சொல்லாததுதான் ஐயா எனக்குப் பயம்."

"கேளும் பிள்ளை," என்றேன். "நாளைக்கு நீர் வெளியில போனால் பின்னேரம் அபிஷேகம். அதை நான் எழுதித் தருவன். நாளைக்கு அந்த விடயமும் இருக்குது. நீர் உள்ளுக்க இருந்தால் என்ன நடக்குமெண்டு எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியாத ஒண்டும் இந்தப் பேரவையில இதுவரைக்கும் நடந்ததில்லை."

அவர் சிரித்தார். "செல்வியும் இதைத்தான் சொன்னவ. 'வாயை மூடிக்கொண்டு அபிஷேகத்தை வாங்கிக்கொண்டு வா, மிச்சத்தைப் பிறகு பாப்பம்' எண்டு." பிறகு சிரிப்பு நின்றது. "நான் முதன்முதலா அந்த அப்பத்தை எடுக்கேக்க, முன்னால நிக்கிற சனத்துக்கு நான் ஆரெண்டு தெரிஞ்சிருக்க வேணும் ஐயா. தெரிஞ்சும் கையை நீட்ட வேணும். அதுதான் எனக்கு வேணும். இல்லாட்டி நான் அந்தத் துணியை மடிச்சுக்கொண்டே இருக்கலாம்."

போகும்போது வாசலில் நின்று, "தலைவர் கேட்டால் நீங்கள் என்ன சொல்லுவீங்கள்?" என்று கேட்டார்.

"எழுதியிருக்கிறதைச் சொல்லுவன்."

இளையவர்களே, கூட்டத்தில் நெருக்கடி வரும்போது எல்லோரும் செயலாளரைப் பார்ப்பார்கள். சரி எது என்று அவர்கள் கேட்கமாட்டார்கள். கைநூல் என்ன சொல்கிறது என்றுதான் கேட்பார்கள். அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு மூச்சு விடும் நேரம் உங்களுக்குக் கிடைக்கும். அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் பெயர்கள் வரிசையாக அழைக்கப்பட்டன. போதகர்கள் போனார்கள், வந்தார்கள். "ரஞ்சினி," என்றார் தலைவர். ரஞ்சினி எழுந்து நின்றார், கதவுப் பக்கம் போகவில்லை.

"பிள்ளை, வெளியில..." என்றார் தலைவர்.

"நான் உள்ளுக்க இருக்க விரும்புறன், தலைவர் ஐயா."

மண்டபத்தில் கதிரைகள் கிரீச்சிட்டன. தலைவர் என்னைப் பார்த்தார். அந்த மூச்சு விடும் நேரம் எனக்கு வந்தது. வழக்கம் விதிக்குச் சமம் என்று ஒரு வசனம் சொல்லியிருந்தால் போதும். யாரும் எதிர்த்திருக்க மாட்டார்கள். ரஞ்சினி வெளியே போயிருப்பார். நான் மணி அடித்திருப்பேன். பின்னேரம் அபிஷேகம்.

"வெளியே போகவேண்டும் என்று கைநூலில் இல்லை, தலைவர் அவர்களே. அது வழக்கம் மட்டும்தான்," என்றேன்.

தலைவர் என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. முட்டையிடாத கோழியைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"சரி. ரஞ்சினியைப் பற்றிச் சொல்ல வேண்டியது ஏதும் உண்டா?"

மௌனம். அதே பழைய மௌனம்தான், ஆனால் இம்முறை அதற்கு நடுவில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். எல்லோரும் கால் விரல்களைப் பார்த்தார்கள், பிறகு அவரைப் பார்த்தார்கள், பிறகு மீண்டும் கால் விரல்களை. முதலில் எழுந்தவர் எஸ்தர் அக்கா, பெண்கள் ஐக்கியத்தின் தலைவி.

"என்ர மனுசன் ஆசுப்பத்திரியில கிடந்த நேரம் விடிய விடிய இருந்தது ரஞ்சினி. என்ர மகளின்ர பிள்ளையைக் கையில ஏந்தினது செல்வி. எனக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். அந்த விடயம், அந்த விடயம் எண்டு மூக்கைப் பொத்திக்கொண்டு கதைக்கிறியள். அந்த விடயம் இஞ்ச நிக்குது, பாருங்கோ. சாறி கட்டிக்கொண்டு நிக்குது." சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

யாரோ சிரித்தார்கள். யாரோ பின்னால் இருந்து, "நாட்டின்ர சட்டத்திலயே குற்றம், அதைப் பாருங்கோ முதல்," என்றார். வெள்ளைக்காரன் எழுதி வைத்துவிட்டுப் போன அந்தப் பிரிவைப் பற்றித்தான். அவன் விட்டுப்போன பாட்டுப் புத்தகத்தையும் நாங்கள் அப்படியேதான் வைத்திருக்கிறோம் என்று எனக்கு வாய் வரை வந்தது. செயலாளருக்குக் கருத்துச் சொல்லும் உரிமை இல்லை.

அப்போதுகூட அது தாண்டிப் போயிருக்கும். பின் வரிசைக்காரர் எழுந்து நின்று சொல்லவில்லை, எழுந்து நிற்காத பேச்சைப் பதிய வேண்டியதில்லை. தலைவரின் கண் மணியின் பக்கம் போனது. என் கையும் போனது.

ரஞ்சினி முன் வரிசையின் பக்கம் திரும்பினார். அங்கே தம்பையா மாஸ்டர் இருந்தார். ஞாயிறு பாடசாலையில் ரஞ்சினிக்கு முதல் வசனத்தை மனப்பாடம் பண்ண வைத்தவர். ரஞ்சினி இறையியல் கல்லூரிக்குப் போனபோது புகையிரத நிலையத்துக்கு வந்து வழியனுப்பியவர். லிங்கநகர் வீட்டுக்கு வந்து செல்வியின் கையால் மீன்குழம்பும் சாப்பிட்டிருக்கிறார்.

"மாஸ்டர், உங்களுக்கு ஏதும் உண்டோ?" என்று கேட்டார் ரஞ்சினி.

ரஞ்சினிக்கு ஓம் என்றோ இல்லை என்றோ ஒரு பதில் வேண்டியிருந்தது. அந்த மண்டபத்தில் வேறு எவருடைய பதிலும் அவருக்குத் தேவைப்படவில்லை என்று அந்த நேரத்தில்தான் எனக்கு விளங்கியது.

மாஸ்டர் எழுந்தார். எழுவதற்கு நேரம் எடுத்தது.

"பிள்ளை," என்றார். "நீ வெளியில நிண்டிருந்தா நான் வாய் திறந்திருக்க மாட்டன். அவ்வளவு வருசமும் திறக்கேல்லத்தானே. இப்ப நீ என்ர முகத்தைப் பாத்துக் கேக்கிறாய். உன்ர முகத்தைப் பாத்துப் பொய் சொல்ல எனக்கு ஏலாது." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீ நல்ல போதகர். அதில எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனா நான் உனக்குச் சொல்லித் தந்த புத்தகத்தில வேற மாதிரி இருக்குது. நான் அதை வாசிச்சு வாசிச்சுப் பாத்தனான். எனக்கு விளங்கேல்ல. ஓம் எண்டும் சொல்ல ஏலாது, இல்லை எண்டும் சொல்ல ஏலாது."

"செயலாளர்," என்றார் தலைவர், "இது ஆட்சேபணையா?"

நான் மாஸ்டரைக் கேட்டேன். "மாஸ்டர், ஆட்சேபணை எண்டு பதியட்டோ?"

"நான் எதிர்க்கேல்ல," என்றார் மாஸ்டர். "ஆனா சும்மா இருந்தனான் எண்டு எழுதாதையுங்கோ. நான் சும்மா இருக்கேல்ல."

அந்தக் கணத்துக்காகக் காத்திருந்தது போல ஒருவர் எழுந்து, தலைமையகம் பதில் சொல்லும்வரை ரஞ்சினியின் விடயத்தை ஒத்திவைக்கலாம் என்று பிரேரித்தார். எங்கள் திருச்சபைக்கு ஒத்திவைப்பில் உள்ள பிரியம் வேறு எதிலும் இல்லை. வழிமொழிய ஒருவரும் தயங்கவில்லை.

கை உயர்த்தச் சொன்னேன். ஒத்திவைக்க விரும்பியவர்கள் ரஞ்சினியின் முன்னால் கையை உயர்த்த வெட்கப்பட்டார்கள். கைகள் மார்பு வரை வந்தன, காது சொறிவது போல நின்றன, தலைமயிரைக் கோதின. "தோளுக்கு மேலே வராத கையை நான் எண்ணமாட்டேன்," என்றேன். விதியில் அப்படி இல்லை. என்னால் செய்ய முடிந்தது அவ்வளவுதான். சிலர் கையை இறக்கினார்கள். போதவில்லை. பெரும்பாலான கைகள் மெதுவாக, வெட்கத்தோடு, மேலே போயின. மாஸ்டர் கை உயர்த்தவில்லை. அவர் அழுதுகொண்டிருந்தார்.

ரஞ்சினி யார் கையையும் பார்க்கவில்லை. ஒவ்வொருவருடைய முகத்தையும் பார்த்தார்.

அந்த விடயம் பற்றிய விவாதம் மத்தியானத்துக்குப் பிறகு நடந்தது. இரண்டு பக்கமும் நன்றாகப் பேசினார்கள். இளம் வைத்தியர் ஒருவர் மிக நன்றாகப் பேசினார். இரு கருத்துகளும் நிலவுகின்றன என்று மேலிடத்துக்கு எழுதினோம். ஒருவரும் எழுந்து பேசாமலேயே எழுதியிருக்கக்கூடிய பதில்.

அதற்கு முன், சாப்பாட்டு இடைவேளையில், நான் விறாந்தைக்கு வந்தேன். செல்வி ஸ்கூட்டியைப் படியருகே நிறுத்திவிட்டு நின்றுகொண்டிருந்தார். பின்னேர அபிஷேகத்துக்கென்று புதுச் சாறி கட்டியிருந்தார். ரஞ்சினி அவருக்குப் பக்கத்தில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாம் சட்டப்படி நடந்துதோ, ஐயா?" என்று கேட்டார் செல்வி.

"ஓம்," என்றேன். "சட்டப்படித்தான் நடந்தது."

"அப்ப ஏன் எல்லாரும் செத்தவீட்டுக்கு வந்த மாதிரி இறங்கி வாறியள்?"

ரஞ்சினி அவர் தோளில் கை வைத்து, "விடு செல்வி. இண்டைக்கு மாஸ்டர் என்னோட உண்மை கதைச்சவர். எனக்கு அது வேணும்," என்றார். பிறகு என்னைப் பார்த்து, "ஐயா, கைநூலில இல்லை எண்டு நீங்கள் சொல்லாமல் விட்டிருந்தா நான் உங்களோட ஒருநாளும் கதைச்சிருக்க மாட்டன்," என்றார். இரக்கமாகத்தான் சொன்னார். அந்த இரக்கத்தை நான் இன்னும் சுமந்துகொண்டு திரிகிறேன். மறுபடி கேட்டாலும் அதே பதிலைத்தான் சொல்வேன். அந்தப் பின்னேரம் துறைமுகச் சபையில் அபிஷேகம் பெறும் இருவருக்காக விரித்திருந்த கம்பளத்தில் ஒருவர் மட்டும் முழந்தாளில் நின்றதையும், பக்கத்தில் வெறுமையாக இருந்த இடத்தையும் மறுபடி பார்ப்பேன்.

தலைமையகம் ஒரு குழுவை நியமித்தது. குழு ஓர் உபகுழுவை நியமித்தது. உபகுழு இன்னும் கூடிக்கொண்டுதான் இருக்கிறது. ரஞ்சினி இன்னும் தகுதிகாண் போதகர். வெருகல் பக்கத்தில் வெள்ளைத் துணியை விரிக்கிறார், வாகனம் வராத ஞாயிறுகளில் மடிக்கிறார். துறைமுகச் சபைக்கு வேறு போதகர் வந்தார், போனார், இன்னொருவர் வந்தார். எல்லோரும் நல்லவர்கள்தான். ஆனால் திருவிருந்து நேரத்தில் அப்பத்தை எடுத்து உயர்த்தும்போது, அந்த மேசையில் நான் ஒருநாளும் கேட்டிராத ஒரு குரலை எதிர்பார்த்துக்கொண்டு இருக்கிறேன். வேறு யாராவது இப்படி எதிர்பார்க்கிறார்களா என்று ஒருநாள் எஸ்தர் அக்காவைக் கேட்டேன். "நீங்கள் மட்டும் எண்டு நினைச்சீங்களோ?" என்றார்.

விடயம் நிலுவையில் இருப்பவர் பேரவைக்குள் இருக்கக் கூடாது என்று கைநூலில் ஒரு வரி உண்டு. அது வழக்கமல்ல, விதி. அதை ரஞ்சினியிடம் சொல்ல வேண்டியவன் நான்தான். சொன்னேன். அவர் தலையாட்டினார். வராமல் விட்டுவிடுவார் என்று நினைத்தோம். ஆனால் ஒவ்வொரு பேரவை நாளிலும் காலையில் வந்துவிடுகிறார். மண்டபத்துக்குள் வருவதில்லை. விறாந்தை வாங்கில் இருக்கிறார். அதைத் தடுக்க எந்த விதியும் இல்லை. தலைவர் கைநூலில் தேடச் சொன்னார், தேடினேன், இல்லை.

அதனால் இப்போது என்ன நடக்கிறது தெரியுமா? பெயர் அழைக்கப்படும் ஒவ்வொரு போதகரும் வெளியே போய், அதே வாங்கில், ரஞ்சினிக்குப் பக்கத்தில் போய் இருக்க வேண்டியிருக்கிறது. மணி அடிக்கிறது. அவர் எழுந்து உள்ளே வருகிறார், ரஞ்சினி இருக்கிறார். அடுத்தவர் போகிறார், இருக்கிறார், மணி அடிக்கிறது, வருகிறார். வெளியே அவர்கள் என்ன கதைக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் உள்ளே வரும்போது சிலருடைய முகம், போனபோது இருந்தது போல இருப்பதில்லை. கடந்தமுறை ஒரு போதகர், முன்பு ஒத்திவைப்புக்கு எல்லோரையும்விட உயரமாகக் கை உயர்த்தியவர், மணி அடித்தும் கொஞ்ச நேரம் வரவில்லை. நான் இரண்டாம் முறை அடிக்க வேண்டியிருந்தது.

நான் செயலாளராக இருந்த கடைசிப் பேரவையில் தம்பையா மாஸ்டர் தன் முன் வரிசைக் கதிரையில் இருக்கவில்லை. ஊன்றுகோலோடு நேரே விறாந்தைக்குப் போய் ரஞ்சினிக்குப் பக்கத்தில் இருந்துவிட்டார். ஏதோ வாக்கெடுப்புக்கு ஆள் போதவில்லை என்று அவரைக் கூப்பிட நான் போனேன்.

"உள்ளுக்க வாங்கோ மாஸ்டர், உங்களைத் தேடினம்."

"பிள்ளையைக் கூப்பிடட்டும்," என்றார். "ரெண்டு பேரும் வருவம்."

"அப்ப உங்களுக்கு விளங்கிட்டுதோ மாஸ்டர்?"

"இன்னும் விளங்கேல்ல," என்றார் மாஸ்டர். "ஆனா விளங்காமல் இருக்கிறதை நான் இஞ்ச இருந்து செய்யலாம்தானே."

ரஞ்சினி பணிஸ் ஒன்றைப் பிய்த்து, பாதியை மாஸ்டரிடம் நீட்டிக்கொண்டிருந்தார். பிளேன்ரீ இடைவேளைக்குப் பேக்கரியில் வாங்கிய சாதாரணப் பணிஸ். மாஸ்டர் இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டி வாங்கினார். திருவிருந்தில் நாங்கள் கையை நீட்டும் விதமாக. அவர் வேண்டுமென்று அப்படி நீட்டினாரா, வயதில் கை நடுங்கியதால் அப்படியா, நான் கேட்கவில்லை. அதற்குக் கைநூலில் என்ன எழுதியிருக்கிறது என்றும் பார்க்கவில்லை.

இந்த வருடம் மணி உங்களில் ஒருவர் கைக்கு வருகிறது. நிலுவையில் உள்ள விடயங்கள் என்ற இடம் வரும்போது "முன்போல" என்று சொல்லிவிட்டுத் தாண்டிப் போகும் பழக்கம் எங்களிடம் உண்டு. நீங்கள் ரஞ்சினியின் பெயரைச் சொல்லுங்கள். சொல்லக் கூடாது என்று விதி இல்லை. பிறகு ஒவ்வொரு போதகருக்காகவும் மணியை அடிக்கும்போது கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அடியுங்கள். மணி கேட்டதும் வாங்கில் இருப்பவர் ஒவ்வொரு முறையும் தலை நிமிர்ந்து கதவைப் பார்ப்பார். அது தனக்கில்லை என்று அவருக்குத் தெரியும், இருந்தாலும் பார்ப்பார். அப்போது கதவருகில் நிற்பது நீங்கள்தான். வேறு பக்கம் பார்த்துவிடாதீர்கள்.